நொய்யலைக் கெடுத்தது நிறமா, உப்பா?

நொய்யல் என்றாலே திருப்பூர்ப் பாலங்களின் கீழே சிவப்பாகவும் நீலமாகவும் ஓடும் தண்ணீர்தான் பலர் கண்முன் வரும். நிறம் படத்தில் நன்றாக விழும், செய்தியாகும், கேட்பவருக்கு உடனே புரியும். ஆனால் அந்த ஆற்றையும், அதன் குறுக்கே கட்டிய அணையையும், கரையோரக் கிணறுகளையும் பாழாக்கிய முதல் காரணம் அந்தத் தண்ணீரில் நிறமே இல்லாமல் கரைந்திருந்த உப்பு. சாயம் வெயிலில் வெளுக்கும், சேற்றில் ஒட்டும், ஓரளவு நுண்ணுயிர்களாலும் சிதையும். உப்பு சிதையாது. ஆற்றில் விட்டால் அணைக்குப் போகும், அணையில் தேக்கினால் கிணற்றுக்குப் போகும், கிணற்றிலிருந்து இறைத்தால் வயலில் தங்கும். முப்பது ஆண்டுகளாக அரசும் நீதிமன்றமும் தொழிலும் நொய்யலில் செய்த ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம்: இதில் உப்பு எங்கே போகிறது?

ஆறும் அதன் தரையும்

வெள்ளியங்கிரி மலைச் சரிவில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சுமார் 180 கி.மீ. ஓடி, நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது இந்த ஆறு. மலையில் நல்ல மழை. கோவையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக ஆண்டு மழை 600, 700 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஆவியாகும் நீரோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனவே இது எப்போதும் ஓடும் ஆறு அல்ல. மழை பெய்த சில வாரங்கள் புரண்டு வரும், மற்ற நாட்களில் மணல்தான்.

இதை உணர்ந்துதான் பழைய காலத்தவர் ஆற்றின் குறுக்கே வரிசையாகத் தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். 23 அணைக்கட்டுகள், 30க்கும் மேற்பட்ட குளங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு குளம் நிரம்பினால் உபரி அடுத்ததற்குப் போகும், அல்லது ஆற்றுக்கே திரும்பும். வயலுக்குப் பாய்ச்சுவதைவிடத் தரைக்குள் தண்ணீரை இறக்குவதே இந்தக் குளங்களின் பெரிய பயன். ஏனென்றால் அடியில் இருப்பது கடும்பாறை. சிதைந்த பாறை அடுக்கு பத்து முதல் முப்பது மீட்டர், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர். டெல்டாவின் மணல் படுகையோடு ஒப்பிட்டால் இங்கே நிலத்தடியில் கொள்ளும் தண்ணீர் மிகக் குறைவு.

கொள்ளளவு குறைந்த தரை சீக்கிரம் கெடும். அந்த வெடிப்புகளுக்குள் போன உப்பு பாறையின் சந்துபொந்துகளில் தங்கிவிடுவதால், பிறகு நல்ல மழை பெய்தாலும் மெதுவாகத்தான் வெளியேறும். நொய்யலின் கதை இவ்வளவு நீண்டதற்குப் பாதிக் காரணம் இந்தப் பாறைதான்.

ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு

பருத்திப் பனியன் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். சாய மூலக்கூறுக்கும் அதே எதிர்மின்னூட்டம். ஆக இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளுவிசை அடங்கிச் சாயம் இழையை நெருங்கும். அதன்பின் சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றி, 60 டிகிரி சூட்டில் வைத்தால் சாயம் இழையோடு நிரந்தரமாகப் பிணையும்.

இதில் கவனிக்க வேண்டியது, உப்பு எதனுடனும் சேர்வதில்லை. வேலை முடிந்ததும் போட்ட அத்தனையும் அலசல் நீரோடு வெளியே வந்துவிடும். சாயமாவது 60 முதல் 80 சதவீதம் துணியில் நிற்கும். மீதி தண்ணீரோடு வினைபுரிந்து பிணையும் திறனை இழந்து கழிவாகும்.

அளவுகளைப் பார்ப்போம். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். அடர் நீலம், கறுப்பு, மெரூன் என்றால் 60 முதல் 100 கிராம் வரை போகும். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 6 முதல் 8 லிட்டர் சாயநீர். பழைய வின்ச் தொட்டிகளில் அது 10, 15, சில சமயம் 20 லிட்டர். 8 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தாலே ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. ஐந்து டி-ஷர்ட் தைக்கும் துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ.

சாயத் தொட்டியிலிருந்து முதலில் வடிக்கும் நீரில்தான் இந்த உப்பின் பெரும்பகுதி. அதன்பின் சோப்பு, வெந்நீர், குளிர்நீர் என்று நாலைந்து அலசல். அவற்றில் உப்பு குறைவு, தண்ணீர் அதிகம். பட்டறையில் எல்லாவற்றையும் ஒரே சாக்கடையில் கலந்துவிட்டால் லிட்டருக்கு 5,000 முதல் 7,000 மி.கி. கரைந்த உப்புள்ள கழிவு கிடைக்கும். டி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது இந்த அளவைத்தான். முதல் வடிநீரை மட்டும் தனிக்குழாயில் பிரித்து எடுத்திருந்தால் பின்னால் வந்த செலவில் கணிசமான பங்கு மிச்சமாகியிருக்கும். தொடக்கத்தில் அதை யாரும் செய்யவில்லை.

சலவைப்பட்டறைகளும் தம் பங்கைச் சேர்த்தன. பிளீச்சிங் பவுடரும் கந்தக அமிலமும் வைத்து வெளுத்த காலத்தில் கால்சியமும் குளோரைடும் அதிலிருந்தே ஆற்றுக்கு வந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறிய பிறகு அந்தச் சுமை பெரிதும் குறைந்தது.

நீர்த்துப் போகும் என்ற கணக்கு

1980களின் தொடக்கத்தில் திருப்பூரில் சில பத்துச் சாயப்பட்டறைகளே இருந்தன. ஏற்றுமதி சூடு பிடித்த பிறகு 1990களின் இறுதிக்குள் சலவையும் சேர்த்து எழுநூறு, எண்ணூறு என்று ஆகிவிட்டது. நாளொன்றுக்கு எட்டு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர். லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்று வைத்தால் எட்டு கோடி லிட்டரில் 480 டன். ஒரு நாளைக்கு.

ஆற்று நீரோடு கலந்தால் நீர்த்துவிடும் என்று அப்போது வாதிட்டவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் வாதம் நிற்காது. 6,000 மி.கி. உள்ள ஒரு லிட்டர் கழிவை, 300 மி.கி. உள்ள நல்ல ஆற்று நீரால் 2,000க்கு இறக்க 2.35 லிட்டர் தேவை. எட்டு கோடி லிட்டருக்கு நாள்தோறும் 19 கோடி லிட்டர், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 77 கனஅடி நீர் ஆற்றில் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். குடிக்கத் தக்க 500 மி.கி. அளவுக்கு இறக்குவதென்றால் லிட்டருக்கு 27.5 லிட்டர். அதற்கு விநாடிக்கு 900 கனஅடி வேண்டும். வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் அந்த நீருக்கு எங்கே போவது? திருப்பூருக்குக் கீழே கோடையில் ஓடியது ஆற்று நீரே இல்லை, சாயக்கழிவும் சாக்கடையும்தான்.

நல்ல தண்ணீர் போன வழியும் உண்டு. பட்டறைகளுக்குத் தேவையான நீரைச் சுற்றுவட்டாரத் தோட்டக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் அள்ளி வந்தன. விற்றவர்களில் விவசாயிகளும் அடக்கம். வெள்ளாமையைவிடத் தண்ணீர் விற்பனை லாபமாக இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஒரு பக்கம் நல்ல நீர் உறிஞ்சப்பட்டு நீர்மட்டம் இறங்க, இன்னொரு பக்கம் ஆற்றோரமாக உப்புநீர் அந்தக் காலி இடத்தை நோக்கி நகர்ந்தது. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து சுமார் 55 கி.மீ. குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் இயங்கத் தொடங்கிய பிறகே லாரி நடமாட்டம் தணிந்தது.

சுத்திகரித்து உப்பைக் கூட்டிய காலம்

நீதிமன்ற நெருக்கடியால் 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றின் முறை எளிது: சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுச் சாயத்தைத் திரித்துப் படியவைப்பது, தெளிந்ததை ஆற்றில் விடுவது. நிறம் வெகுவாகக் குறைந்தது. பார்வையாளர் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் திருப்தியாக இருக்கும்.

ஆனால் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் சேர்ந்து தாமே உப்பை உண்டாக்கும். போட்டதில் ஒரு பங்கு கரைந்த நிலையிலேயே நீரோடு போகும். வந்ததைவிடச் சற்று உப்புக் கூடிய தண்ணீரைச் சுத்திகரித்த நீர் என்ற பெயரில் ஆற்றுக்கு அனுப்பின அந்த நிலையங்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 2,100 மி.கி. அதை இந்த முறையால் எட்டவே முடியாது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய வேதியியல். கூடவே மலைமலையாகச் சேறு. சாயமும் உலோகமும் கலந்த அந்தச் சேற்றை மூட்டை கட்டி அடுக்கினார்கள், கொட்ட இடமில்லை.

ஒரத்துப்பாளையம்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. பெரும்பாலும் கரூர்ப் பக்கத்தில் சுமார் 10,000 ஏக்கர் பாசனம் பெற வேண்டும் என்பது திட்டம். மழை வெள்ளத்தைத் தேக்கக் கட்டிய அணை, அந்த ஆண்டுகளில் அதிவேகமாகப் பெருகிய சாயக்கழிவுக்குத் தொட்டியாகிப்போனது.

ஓடும் ஆற்றில் உப்பு கடந்து போய்விடும். தேங்கிய நீரில் நாலு விதமாகக் கேடு சேரும். வெயிலில் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு அங்கேயே அடர்ந்துகொண்டு போகும். தேக்கத்தின் அழுத்தம் உப்புநீரை அடிப்பாறை வெடிப்புகளுக்குள் தள்ளும், சுற்றுவட்டாரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கும். சாயமும் உலோகமும் சேற்றில் படியும். நாலாவது அவ்வளவாகப் பேசப்படாதது: உப்பு கூடிய நீர் கனமானது, அடியில் தங்கும். மேலே வந்து சேரும் மழைநீர் அதனோடு எளிதில் கலக்காது. அடி நீருக்கு ஆக்சிஜன் போகும் வழி அடைபட்டு, சேற்றில் வாழும் பாக்டீரியா சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மதகு அணையின் அடியில் இருப்பதால் திறந்தவுடன் முதலில் பாய்வது இந்த அடி நீர்.

பாசனத்துக்குத் திறந்த தண்ணீரே பயிரைக் கருக்கியதும், அணைக்காகக் காத்திருந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவசாயிகளே எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். பாசன உரிமை கேட்டு நடந்த வழக்குகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கில் உண்டு. அணையில் தண்ணீர் தேக்காதே என்று ஆயக்கட்டுக்காரர்களே கேட்ட அணை இது.

தண்ணீருக்குள் நடந்தது

நன்னீர் மீனின் உடல்திரவத்தில் லிட்டருக்கு 9, 10 கிராம் உப்பு இருக்கும், சுற்றியுள்ள நீரில் அரைக் கிராம்கூட இராது. எனவே செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகும். மீன் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டு, நீரில் உள்ள சொற்ப உப்பைச் செவுளால் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிநீரில் உப்பு ஏறஏற இந்த ஏற்பாடு தடுமாறும். வளர்ந்த கெண்டை சில கிராம் வரை தாங்கிவிடும். முட்டையும் குஞ்சும் தாங்காது. ஆகவே உப்பு ஒரே நாளில் மீனைக் கொல்லாது, அடுத்த தலைமுறையை வரவிடாமல் செய்யும். அது செய்தியாகாது.

மீனுக்கும் முன்னால் போவது சிறு பூச்சிகளும் நீர்த்தெள்ளு போன்ற நுண்ணுயிரினங்களும். நல்ல ஓடைக் கற்களின் அடியில் வாழும் ஈசல்போன்ற மேஃபிளை இளம்பூச்சிகள் லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பிலேயே அருகிவிடும். அவை இருந்த இடத்தில் சிவப்புப் புழுக்களும் கொசுப்புழுவும் பெருகும். சாய நிறம் வெளிச்சத்தை மறைப்பதால் பாசியின் ஒளிச்சேர்க்கை குறையும், பகலில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். கூடவே மாவுப்பொருள், சோப்பு, சாக்கடை எல்லாம் மட்கும்போது மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். லிட்டருக்கு 3 மி.கி. என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். செத்து மிதக்கும் மீன்கள் என்று நாம் பார்ப்பது இந்த ஆக்சிஜன் பஞ்சத்தை. உப்பின் வேலை அதற்குப் பல காலம் முன்பே முடிந்திருக்கும்.

இந்தச் சூழலில் தாக்குப்பிடிப்பது ஜிலேபிக் கெண்டை. உப்பையும் குறைந்த ஆக்சிஜனையும் பொறுத்துக்கொள்ளும், எதையும் தின்னும். கெட்ட குளத்தில் மீன் துள்ளுகிறதே, தண்ணீர் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் எந்த மீன் துள்ளுகிறது என்று பார்ப்பது நல்லது.

நீதிமன்றம் போட்ட பூட்டு

வேலூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் பாலாறு கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற விதியை உறுதியாக வைத்தது. அந்தத் தீர்ப்பின் வழி வந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம்தான் நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் மதிப்பிட்டது. 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய். தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. கிணறு போன தோட்டத்துக்கு இது எந்த மூலைக்கு?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று, கழிவை அறவே வெளியேற்றாத நிலைக்கு வரக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் சில பைசா அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கழிவை விடுவது சுத்திகரிப்பைவிட மலிவாக இருந்தவரை பெரிய மாற்றம் இல்லை. அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே எல்லாம் நகர்ந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதனை ஓட்டம் காட்டித் திரும்பத் திறந்தன.

ஜீரோ டிஸ்சார்ஜ்: உள்ளே என்ன நடக்கிறது

கழிவைத் துளியும் வெளியே விடாமல் இருக்க, இன்று பதினெட்டுக்கு அருகான பொது நிலையங்களும் சில தனி நிலையங்களும் பின்பற்றும் முறை இது. கழிவு முதலில் சமநிலைத் தொட்டியில் ஒரு நாளளவு தங்கும், பட்டறைக்குப் பட்டறை மாறும் காரமும் நிறமும் சராசரியாகும். அடுத்து காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்னும். எஞ்சிய நிறத்தைக் குளோரினோ ஓசோனோ வெளுக்கும். மணல் வடிகட்டி, கடினத்தன்மையை எடுக்கும் ரெசின், நுண்வடிகட்டி எல்லாம் தாண்டி ஆர்.ஓ., அதாவது உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெம்பரேன் (சவ்வு) வழியாக அழுத்தித் தள்ளுவது. மூன்று நான்கு கட்டங்களாக ஓடும் ஆர்.ஓ.வில் நூறு லிட்டருக்கு 85 முதல் 90 லிட்டர் நல்ல நீராகத் திரும்பிப் பட்டறைக்கே போகும்.

மீதி 10, 15 லிட்டரில்தான் எல்லா உப்பும். லிட்டருக்கு 45 கிராம், 50 கிராம் என்று கடல்நீரையும் தாண்டிய கரிப்பு. உப்பு ஏறினால் சவ்வூடு அழுத்தம் ஏறும், பம்பு அதையும் மீறித் தள்ள வேண்டும். லிட்டருக்கு 70 கிராமை நெருங்கும்போது வழக்கமான மெம்பரேனும் குழாயும் தாங்கும் எல்லை வந்துவிடும். அதற்கு மேல் காய்ச்சுவதைத் தவிர வழியில்லை.

காய்ச்சுவது சுலபமான வேலை இல்லை. ஒரு கிலோ விறகு எரித்தால் அதிகம்போனால் ஐந்து லிட்டர் நீர் ஆவியாகும். ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல கட்ட எவாப்பரேட்டரில் அதை மூன்று மடங்கு வரை நீட்டலாம். ஆவியை அழுத்தித் திரும்பச் சூடாக்கும் மின்சார எவாப்பரேட்டர் இன்னும் சிக்கனம், ஆனால் விலை அதிகம். ஆற்றைக் காப்பாற்றும் செலவு விறகு லாரியாகவும் மின்கட்டணமாகவும் வேறொரு இடத்தில் எழுதப்படுகிறது என்பது மிகையில்லை.

கெடுவது எங்கே? காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போனால் பாக்டீரியா சோர்ந்து, மிச்சக் கரிமப்பொருள் ஆர்.ஓ. மெம்பரேன் மேல் வழவழப்பாகப் படியும். அழுத்தம் ஏறும், வரும் நீர் குறையும், அமிலமும் காரமும் விட்டுக் கழுவ வேண்டும், கழுவிய நீரும் கழிவு. ரெசினைச் சரியாகப் புதுப்பிக்காவிட்டால் கால்சியம் மெம்பரேனில் செதிலாகும். குளோரின் சிறிதளவு தப்பி வந்தாலும் மெம்பரேன் நிரந்தரமாகக் கெடும். குளோரைடு கூடிய உப்புநீர் எவாப்பரேட்டரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே துளைபோடும்.

இந்தக் கடைசிக் காரணமும் சேர்ந்துதான் சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்ஃபேட்டைப் பட்டறைகள் பயன்படுத்தத் தொடங்கின. அதில் வேறொரு வசதியும் உண்டு. அடர்ந்த கரைசலைக் குளிரவைத்தால் சோடியம் சல்ஃபேட் பளிங்காகப் பிரிந்துவிடும், திரும்பச் சாயத் தொட்டிக்கே போடலாம். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இன்னும் ஒரு படி குறுக்கே போய், உப்புநீரைக் காய்ச்சாமல் நிறமும் கடினத்தன்மையும் நீக்கி அப்படியே பட்டறைக்குத் திருப்பியனுப்பும் முறையைச் செய்துகாட்டியது. பல சாயக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், காரணமும் இருந்தது. அந்த நீரில் கால்சியம், மெக்னீசியம் கொஞ்சம் மிஞ்சினாலும் சாயம் திரிந்து துணியில் திட்டுத்திட்டாக விழும்.

எவ்வளவு மீட்டாலும் கடைசியில் ஒரு பங்கு மிஞ்சும். சல்ஃபேட்டும் குளோரைடும் கார்பனேட்டும் கலந்த, பழுப்பேறிய உப்பு. எதற்கும் உதவாது. புதைக்கவும் முடியாது, மழையில் கரைந்து திரும்ப நிலத்தடிக்கே போகும். அதனால் கொட்டகைகளில் மூட்டைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஈரம் இழுத்து மூட்டை கசியும், கூரை ஒழுகினால் கதை அதோடு முடிந்தது. ஆற்றில் போன உப்பு இப்போது கொட்டகையில் இருக்கிறது, முன்பைவிட மேல்தான், ஆனால் முடிவு அல்ல.

உப்பைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் முறைகள் இல்லாமலில்லை. குளிர்ந்த நிலையில் சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்து ஏற்றி, சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, 8 முதல் 24 மணி நேரம் மெல்லச் சுழலவிட்டு அலசும் முறையில் உப்பே தேவையில்லை. நெய்த துணிக்கு இது பழகிய வழி. பனியன் துணி குழாய்வடிவில் வருவதால் கிழித்து விரிக்க வேண்டும், ஓரம் சுருளும், இழுவை கூடினால் அளவு மாறும், மடிப்புத் தடம் நிறத்தில் நிற்கும். முதலீடும் வேண்டும், ஒரே நிறத்தில் பெரிய ஆர்டரும் வேண்டும். சிறு பட்டறைக்கு இரண்டும் எட்டாது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டித் தந்தால் நிலைமை மாறும் என்பது என் கருத்து. சான்றிதழ் கேட்பதில் அவர்கள் காட்டும் சுறுசுறுப்பு விலையில் தெரிவதில்லை.

திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியதும் சில பட்டறைகள் ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்கு நகர்ந்தன. அனுமதியில்லாப் பட்டறைகளை இடிப்பதும் அவை வேறு கொட்டகையில் முளைப்பதும் காவிரிக் கரையில் நடந்துகொண்டே இருக்கிறது. நொய்யலிலும் மழை இரவுகளில் சாயம் திறந்துவிடப்படுகிறது என்ற புகார் ஓயவில்லை. வெள்ளத்தில் நிறம் கரைந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். கலர் பார்த்து ஆய்வு செய்யும் வழக்கம் உள்ளவரை அந்த நம்பிக்கை வீணாகாது. ஆற்றுப் பாலங்களில், உப்பு கூடக்கூட ஏறும் மின்கடத்துதிறனைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியைப் பொருத்தினால் நள்ளிரவில் உப்பு ஏறிய நேரம் தானே தெரியும். இதற்கிடையில் கோவை, திருப்பூர் சாக்கடைதான் இன்று ஆற்றின் நிரந்தர ஓட்டம். குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை அதில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் தின்று வளர்வது.

கரையோரத் தோட்டத்தில் இனி

ஆற்றில் கழிவு நின்றாலும் கிணறு உடனே தெளியாது. கிணற்று நீரைக் கோடை முடிவில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை சோதித்துப் பதிந்து வைக்க வேண்டும். போர்வெல் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், குழாயில் தங்கிய நீர் பொய் சொல்லும். கைக்கருவியில் கிடைக்கும் மின்கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸில் எடுத்து 0.64ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். தோராயமாகக் கிடைக்கும். ஆனால் இந்த ஒரு எண் போதாது. சோடியம் எவ்வளவு, கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று ஆய்வகத்தில் கேட்க வேண்டும். ஏனென்றால் வியாதி இரண்டு, மருந்தும் இரண்டு.

உப்பு மொத்தமாகக் கூடிய மண் உவர்மண். அதில் ஜிப்சம் கொட்டிப் பயனில்லை, நல்ல நீர் விட்டு அலசி வடிப்பது ஒன்றே வழி. சோடியம் மட்டும் மண்துகளில் ஏறி, பி.எச். 8.5ஐத் தாண்டி, மழை பெய்ததும் மேலே பிசினாகி அடியில் கட்டியாகும் மண் களர்மண். இதற்குத்தான் ஜிப்சம். மண் ஆய்வு சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதியளவை, சிறு பாத்திகளாக வரப்பு கட்டி, மேல் 10, 15 செ.மீ. மண்ணில் கலந்து, பத்து செ.மீ. உயரம் நீர் நிறுத்தி, ஓரிரு நாள் கழித்து வடிக்க வேண்டும். மூன்று நான்கு முறை செய்து, தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழலாம். வடிகால் வாய்க்கால் இல்லாமல் இதைத் தொடங்கினால் கரைந்த சோடியம் அங்கேயே நின்று பணம்தான் கரையும். நொய்யல் கரையின் பெரிய சிக்கலும் இதுவே: அலச நல்ல நீர் வேண்டும், கிணற்று நீரே உப்பு. மழைநீரைப் பண்ணைக்குட்டையில் பிடித்து வைத்தவருக்கு மட்டுமே இந்த வேலை கைகூடும்.

பயிர்த் தேர்வில் எண்கள் உதவும். மண்ணை நீரில் முழுக்க நனைத்து வடித்த நிறைசாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ் (செ.மீ.க்கு 1,000 மைக்ரோசீமென்ஸ்) ஆனாலே பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும். மக்காச்சோளம், கரும்பு 1.7, நெல் 3, நிலக்கடலை 3.2, சோளம் 6.8, பருத்தி 7.7. வாழையும் மஞ்சளும் உப்பை விரும்பாதவை. தென்னை ஓரளவு தாங்கும், ஓலை நுனி கருகுவதும் காய் சிறுப்பதும் முதல் அறிகுறி.

சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சொட்டும் இடத்தைச் சுற்றி ஈரம் பரவும் விளிம்பில் உப்பு வளையமாகச் சேர்ந்திருக்கும், வேர் நடுவில் ஓரளவு நல்ல மண்ணில் இருக்கும். கோடைக்குப் பின் முதல் தூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்துவதுதான் வழக்கம். அந்தச் சிறு மழை விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்கு உள்ளே தள்ளிவிடும், நன்றாக இருந்த செடி மழைக்கு மறுநாள் வாடி நிற்கும். முதல் மழையின்போது சொட்டுநீரை ஓடவிட்டே வைத்து, ஈரம் உள்ளிருந்து வெளியே தள்ளும்படி பார்த்துக்கொண்டு, மண் ஒரு முழம் ஆழம் நனைந்த பிறகு நிறுத்த வேண்டும்.